சம்பந்தியின் ஏழாவது டம்ளர்

சூளையில் முதல் சூடு கண்டு வெளியே வரும் பீங்கானை அடைக்கலம் இடது கையில் எடுப்பார். வலது கைக் கட்டைவிரலால் அதன் விளிம்பை ஒரு சுற்றுத் தடவுவார். சட்டையில் மூன்றாவது பொத்தானுக்குப் பக்கத்தில், இதற்கென்றே நேர்ந்துவிட்டதுபோல ஓர் இடம் வெளுத்துக் கிடக்கும், அதில் துடைப்பார். அக்கம்பக்கம் பார்ப்பார். பிறகு கண்ணை மூடி, நற்கருணை வாங்குகிறவரின் பக்தியோடு நாக்கின் நுனியை மட்டும் நீட்டி அதைத் தொடுவார். நாக்கு ஒட்டிக்கொண்டு, சப்பென்று விடுபட்டால் சரக்கு சரி. நாக்கின் ஈரத்தை உறிஞ்சுகிற பீங்கான், மேலே பூசும் கிளேஸையும் அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். நாக்கு வழுக்கினால் சரக்கு அதிகம் வெந்துவிட்டது, கிளேஸ் பிடிக்காது.

இது ஒரு பரிசோதனை. உலகத்தில் எல்லாப் பரிசோதனைகளுக்கும் கருவி வந்துவிட்டது, இதற்கும் வந்திருக்கும். ஆனால் விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் அடைக்கலம் வேலை பார்க்கும் கம்பெனி முதலாளிக்குக் கருவி வாங்கக் காசு செலவாகும். அடைக்கலத்தின் நாக்கு சம்பளத்திலேயே அடக்கம்.

பத்தொன்பது வயதில் சூளைக்கு வந்தவர். கரியில் எரிந்த சூளை எண்ணெய்க்கு மாறி, எண்ணெய் கேஸுக்கு மாறி, முதலாளி போய் முதலாளியின் மகன் வந்தும் நாக்கு மட்டும் மாறவில்லை. ஊருக்கு ஊர் பழைய வீடுகளில் கரண்டு போனால் இழுத்துப் பிடுங்குகிறார்களே வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை, அவற்றில் எத்தனையிலோ அடைக்கலத்தின் எச்சில் ஏதோ ஓர் அடுக்கில் வெந்து கிடக்கிறது. வெளிச்சம் கிடைத்தவர்கள் யாரும் அவருக்கு நன்றி சொன்னதில்லை. அதை அவர் எதிர்பார்த்ததும் இல்லையாம். வாரத்துக்கு இரண்டு தடவையாவது இதைச் சொல்லிக்கொள்வார்.

முப்பத்தாறு வருடப் பழக்கம் கம்பெனி வாசலோடு நின்றுவிடுமா? கடையில் புது டீ கிளாஸ் வந்தால் நக்கிப் பார்ப்பார். சுவரில் பூசிய சுண்ணாம்பைப் பார்ப்பார். கல்யாணமான புதிதில் மனைவி அன்னாள் திட்டக்குடியிலிருந்து கொண்டுவந்த மண்சட்டியை மாமனார் கண்ணெதிரிலேயே நாக்கால் தொட்டுப் பார்த்து, "வேக்காடு பத்தலைங்க மாமா" என்றவர். மாமனார் அன்றைக்கே மகளைத் திரும்பக் கூட்டிப் போயிருக்கலாம். போகவில்லை. அன்னாள் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

அப்படிப்பட்ட நாக்கு உள்ள மனிதருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு தோல்வி. அது ஒரு கோழி.

அவருடைய ஒரே மகள் அருள்ஜோதி, கருவேப்பிலங்குறிச்சிக் கார்முகிலைக் காதலித்துவிட்டாள். கார்முகிலுக்கு எலக்ட்ரிக்கல் கடையில் வேலை. பீங்கான் ஃபியூஸை ஒழித்துக்கட்டிய சின்ன பிளாஸ்டிக் சுவிட்சை நாள் முழுக்க விற்கிறவன். அடைக்கலம் முதலில் எதிர்த்தது மதத்துக்காகவா சுவிட்சுக்காகவா என்பது இன்னும் தெளிவாகவில்லை. கார்முகிலின் அப்பா கோவிந்தசாமி ஆறு ஏக்கர் விவசாயி. குரல் பெரிது. கழனியில் எதிர் வரப்பில் நிற்பவனிடம் பேசிப் பேசி, பக்கத்தில் இருப்பவனிடம் பேசும் அளவே மறந்துபோனவர். அவரும் தன் பங்குக்கு எதிர்த்தார். ஆறு மாதம் இரண்டு அப்பாக்களும் முறைத்துக்கொண்டார்கள். பிறகு பெண்டுகள் உட்கார்ந்து பேசிக் கல்யாணத்தை முடித்து, ஓர் ஒப்பந்தமும் போட்டார்கள். பொங்கலும் தீபாவளியும் கருவேப்பிலங்குறிச்சியில். கிறிஸ்துமஸ் சாப்பாடு விருத்தாசலத்தில். இரண்டுக்கு ஒன்று என்று அடைக்கலத்துக்கு வருத்தம்தான். ஆனாலும் வருடத்தில் ஒரு நாள், மகள் தன் வீட்டில், தன் கையால் வெந்ததைத் தின்பாள்.

கிறிஸ்துமஸ் என்றால் எல்லார் வீட்டிலும் பிரியாணி. அடைக்கலம் வீட்டில் முழுக்கோழி சுடுவது. சமையல் அன்னாளுடைய துறை. நெருப்பு தன்னுடையது என்பது அடைக்கலத்தின் கட்சி. சூளைக்குள் பீங்கான்களை அடுக்கிச் சுடும் தடித்த மண்பெட்டி ஒன்று விளிம்பு உடைந்து கம்பெனியில் கழிக்கப்பட்டபோது வீட்டுக்குக் கொண்டுவந்தார். கீழே கரி, மேலே மூடியிலும் கரி, நடுவில் கோழி. ஆயிரத்து இருநூறு டிகிரியில் பீங்கானை வேகவைக்கிறவனுக்கு ஒரு கோழி எம்மாத்திரம்?

முதல் வருடமே கோழி எம்மாத்திரம் என்று தெரிந்துவிட்டது. கோவிந்தசாமி ஒரு வாய் தின்றார், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். இன்னொரு வாய், இன்னொரு டம்ளர். நாலு டம்ளர்.

"சம்பந்தி, கோழியத்தான் சுட்டீங்களா, இல்ல கம்பெனி சரக்கு ஏதாவது கலந்து வந்துடுச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். அருள்ஜோதியும் சிரித்தாள். அடைக்கலமும் சிரித்தார். அவர் சிரித்ததுதான் எல்லாரையும்விடச் சத்தமாக இருந்தது என்பதை அன்னாள் மட்டும் கவனித்தாள்.

இரண்டாம் வருடம் அஞ்சு டம்ளர். மூன்றாம் வருடம் ஆறு. போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கோவிந்தசாமி சொன்னார்:

"அடுத்த வருஷத்துலேர்ந்து கிறிஸ்துமஸ் சாப்பாட்டையும் நம்ம வூட்லயே வச்சிக்கலாமுங்க சம்பந்தி. பிரியாணி மாஸ்டர் ஒருத்தரச் சொல்லிட்டா வேல முடிஞ்சிது. உங்களுக்கு ஏன் வீண் சிரமம்?"

சிரமம் என்ற சொல்லுக்கு இத்தனை கூர்மை இருக்கும் என்று அடைக்கலம் அதுவரை நினைத்ததில்லை. உங்கள் கோழியை வாயில் வைக்க முடியவில்லை. இதற்காக ஒரு பண்டிகையையே உங்கள் கையில் விட்டுவைக்க வேண்டுமா? இதுதான் அவர் காதில் விழுந்தது. அருள்ஜோதி மாமனாருக்கும் அப்பாவுக்கும் நடுவில் பார்த்துவிட்டு, "பாக்கலாம் மாமா" என்றாள். பாக்கலாம் என்பது பெண்கள் கண்டுபிடித்த சொல். ஆமாம் என்று அர்த்தம்.

"இன்னும் ஒரு வருஷம் இங்கியே வச்சிக்கலாம்" என்றார் அடைக்கலம். "அப்பறம் உங்க இஷ்டம்."

அந்த ஒரு வருடத்தை அவர் வீணாக்கவில்லை. யோசித்தார். முதல் சூடு கண்ட பீங்கான் நாக்கில் ஒட்டுவது ஏன்? அது காய்ந்து கிடக்கிறது, ஈரத்துக்கு அலைகிறது, கிடைத்த நாக்கை உறிஞ்சுகிறது. அதே வேலையைத்தான் தன் கோழி சம்பந்தியின் நாக்கில் செய்கிறது! சம்பந்தி குடிக்கிற தண்ணீர் சம்பந்திக்குப் போகவில்லை, கோழிக்குத்தான் போகிறது. இதைக் கண்டுபிடித்த நாளில் அடைக்கலத்துக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அன்னாளிடம் சொன்னார்.

"அப்பன்னா கோழிக்கு மொதல்லயே தண்ணி குடுத்துடுங்க" என்றாள் அவள், கீரை ஆய்ந்துகொண்டே. கேலிக்குத்தான் சொன்னாள்.

கேலி பலித்துவிட்டது. நவம்பர் கடைசியில் வந்த மருமகன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். வெள்ளைக்காரர் ஒருவர் முழுக்கோழியை உப்புத் தண்ணீரில் முக்கி வைக்கிறார். அஞ்சாறு மணி நேரம் ஊறவிட்டு, எடுத்துத் துடைத்து, தோலை உலரவிட்டுச் சுடுகிறார். கத்தி வைத்ததும் சாறு வழிகிறது.

"உப்புத் தண்ணி உள்ள போயி கறியில தங்கிடுதாம் மாமா. எவ்ளோ சுட்டாலும் வறளாதாம். லிட்டருக்கு அம்பது கிராம் உப்பு. ஐஸ் போட்டு சில்லுனு வச்சிருக்கணும், அவ்ளோதான்."

அடைக்கலம் வீடியோவை நாலு தடவை பார்த்தார். பிளாஸ்டிக் சுவிட்சு விற்கிறவன் என்றாலும் பையன் மேல் ஒரு மரியாதை வந்தது. இவனும் அப்பனின் டம்ளர்களை எண்ணியிருக்கிறான்.

"உங்கப்பாருகிட்ட சொல்லாத."

"சொல்லல மாமா. சொன்னா நாலு வருஷத்துக்கு ஓட்டுவாரு."

கிறிஸ்துமஸ் அன்று காலை, முந்தின ராத்திரிப் பூசைத் தூக்கம் கண்ணில் இருக்க, ஆறு மணிக்கே அடைக்கலம் கொல்லைப்புறத்தில் இறங்கிவிட்டார். இரண்டு முழுக்கோழி, மீன்கடையில் சொல்லிவைத்து வாங்கிய ஐஸ் கட்டி, கல்லுப்பு, கொஞ்சம் வெல்லம், தட்டிய மிளகு, பூண்டு. எல்லாம் இருந்தது, பாத்திரம் இல்லை. இரண்டு கோழி முங்குகிற ஒரே பாத்திரம் வீட்டு அண்டா. அதை மாதா கோயில் விருந்துக்கென்று அன்னாள் கொடுத்துவிட்டிருந்தாள்.

"ஒரு வார்த்த கேக்கக் கூடாது?"

"கோழிய குளிப்பாட்டப் போறேன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னீங்களா?"

ஆனால் இது பீங்கான் ஊர். இங்கே ஒரு வீட்டில் அண்டா இல்லாமல் போகலாம், வாஷ்பேசின் இல்லாமல் போகாது. ஏதாவது ஒரு பொங்கலுக்கு முதலாளி தொழிலாளிகளுக்குப் பரிசு கொடுப்பார்: சூளையில் கோணிப்போனது, புள்ளி விழுந்தது, விற்காதது. போன பொங்கலுக்குக் கிடைத்தது ஆழமான பெரிய வாஷ்பேசின். விளிம்பில் மிளகளவு ஒரு கரும்புள்ளி. வைக்கோல்கூடப் பிரிக்காமல் பரணில் கிடந்ததை இறக்கி, கொதிநீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, நாலு செங்கல் மேல் உட்காரவைத்தார். தண்ணீர் போகிற ஓட்டை மட்டும் கீழே கண் திறந்து பார்த்தது.

"பாலிதீன் கவருல துணியச் சுருட்டி அடைச்சிடுங்க" என்றாள் அன்னாள்.

அடைக்கலம் அவளைப் பார்த்த பார்வையில் முப்பத்தாறு வருடம் இருந்தது. வாஷ்பேசின் ஓட்டையைத் துணி வைத்து அடைக்கிறவன் வேறு ஊர்க்காரன். சந்து பொந்து எதுவானாலும் களிமண் வைத்து அடைப்பதுதான் சூளைக்காரனுக்கு வழக்கம். சூளைக் கதவு இடுக்கை அடைப்பதும் மண், மண்பெட்டி மூடியைப் பூசுவதும் மண். கம்பெனியிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த வெள்ளைக் களிமண்ணை எலுமிச்சை அளவு உருட்டி, ஓட்டையில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி, விளிம்பை வழித்துவிட்டார். பார்க்க அழகாக இருந்தது. அந்த வேலையை ஒரு பள்ளிக்கூடம் வைத்துக் கற்றுத்தரலாம்.

அடுத்தது உப்பு. கம்பெனியில் கிளேஸ் கலக்கும்போது ஒரு கிராம் கூடினாலும் ஆளைத் தராசோடு வெளியே அனுப்புகிறவர் அடைக்கலம். ஆனால் வீட்டில், நாக்கு இருக்கும்போது தராசு எதற்கு? ஒரு பிடி போட்டுக் கலக்கி, விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். பத்தாது. இன்னொரு பிடி. இன்னும் கொஞ்சம். மூன்றாவது தடவை சரியாக இருப்பதுபோல இருந்தது. ஆனால் சரியாக இருப்பதுபோல இருப்பதும் சரியாக இருப்பதும் ஒன்றல்ல என்று இன்னொரு பிடி போட்டார். நாலாவது தடவையில் நாக்கு எந்தக் கருத்தும் சொல்லாமல் ஒதுங்கிக்கொண்டது. அதை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

அன்னாள் வந்து விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தாள். முகம் ஒரு பக்கமாகப் போய்த் திரும்பி வந்தது.

"ஏங்க, கோழி சுடப் போறீங்களா கருவாடு போடப் போறீங்களா?"

"உனுக்குத் தெரியாது. இது உள்ள போறதுக்கு அளவு."

"போவட்டும், போவட்டும். திரும்பி வராம இருந்தா சரி."

கோழிகளை முக்கி, ஐஸைப் போட்டு, மேலே ஈரச்சாக்கை மூடி, அதன்மேல் ஒரு தாம்பாளம் வைத்தார். மணி ஆறரை. பத்தரைக்கு எடுத்தால் உலரவிட்டு, பன்னிரண்டுக்குள் சுட்டு, ஒரு மணிக்குப் பந்தி. நடுவில் ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை. சூளையைப் பாதியில் திறந்தால் சரக்கு வெடிக்கும், அந்த ஒழுக்கம்.

பத்தரைக்குச் சாக்கை எடுத்தார்.

தண்ணீர் இல்லை. ஒரு சொட்டு இல்லை. ஐஸ் மட்டும் இரண்டு சில்லு மிச்சம். ஓட்டை மறுபடியும் கண்ணைத் திறந்துகொண்டு அவரைப் பார்த்தது. இரண்டு கோழிகளும் உடம்பெல்லாம் வெள்ளைக் களிமண் படிந்து, காலை மடக்கிக்கொண்டு, கண்காட்சிக்குச் செய்து வைத்த பொம்மைகள்போல அமைதியாகப் படுத்திருந்தன. கிளேஸ் பூசி உள்ளே தள்ளினால் போதும். செங்கல்லுக்குக் கீழிருந்து முருங்கை மரம் வரைக்கும் ஒரு வெள்ளை ஓடை போயிருந்தது.

அன்னாள் சமையலறைப் படியில் நின்று பார்த்தாள். உடனே சிரிக்கவில்லை. அது அவளுடைய பெருந்தன்மை.

"சுடாத மண்ணு தண்ணியில கரையும்னு, முப்பத்தாறு வருஷமா தெனம் காலையில மண்ணத் தண்ணியில கரைக்கிற மனுஷருக்கு நான் சொல்லணுமாங்க?"

அடைக்கலம் குனிந்து ஓட்டையைப் பார்த்தார். தண்ணீர் எப்போது வடிந்தது? எட்டு மணிக்கா, ஒன்பதுக்கா? உப்பு உள்ளே போயிருக்குமா, வாசலோடு திரும்பியிருக்குமா? தெரிந்துகொள்ள வழியில்லை. தெரிந்த ஒன்று, பந்திக்கு இன்னும் இரண்டரை மணி நேரம். ஒரு கோழியைத் தூக்கிக் குழாயடியில் பிடித்து, இறக்கையின் கக்கம்வரை விரலை விட்டுத் தேய்க்க ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் சந்துப் பக்கமாக, முன் வாசலைக்கூடத் தொடாமல், கோவிந்தசாமி கொல்லைக்கு வந்து நின்றார். பதினொன்றரைக்கு வருவதாகச் சொன்னவர்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கோவிந்தசாமியின் கண் கோழிக்குப் போனது, வாஷ்பேசினுக்குப் போனது, முருங்கை மரம்வரை போய்விட்டு வந்தது.

"என்னாங்க சம்பந்தி, பண்டிகைக்குக் கோழிக்குமா வெள்ளையடிக்கிறீங்க?"

"வாங்க சம்பந்தி. இது... இது ஒரு மொற."

"மொறதான், மொறதான்" என்றவர், வழக்கம்போல அங்கேயே நின்று பத்து நிமிடம் கிண்டலடிக்காமல், நேராகக் கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே போய்ச் சிரிக்கிறார் என்று அடைக்கலம் நினைத்தார். வெளியே வந்ததும், "சம்பந்திம்மா, ஒரு சொம்பு தண்ணி குடுங்க" என்று கேட்டு வாங்கி, நின்ற வாக்கில் குடித்து முடித்தார். முன்கூட்டியே குடித்து வைத்துக்கொள்கிறார் என்று அடைக்கலம் நினைத்தார். வரப்போகும் கோழிக்கு எதிராக ஏற்பாடு.

பின்னாலேயே அருள்ஜோதியும் கார்முகிலும், கோவிந்தசாமியின் மனைவி அம்புஜவல்லியும் வந்தார்கள். கார்முகில் வாஷ்பேசினைப் பார்த்தான், மாமனாரைப் பார்த்தான், சட்டைக் கையை மடித்துக்கொண்டு இரண்டாவது கோழியைக் கழுவ உட்கார்ந்தான். மருமகன் என்ற உறவுக்கு ஓர் அர்த்தம் இருப்பதை அடைக்கலம் அன்றுதான் ஒப்புக்கொண்டார், மனதுக்குள்.

துடைத்து, ஃபேனுக்குக் கீழே உலர்த்தி, வெண்ணெய் தடவி, மண்பெட்டிக்குள் வைத்துக் கரி மூட்டினார்கள். மேல் கரி, கீழ் கரி. நெருப்பு மட்டும் அவரை ஒருபோதும் கைவிட்டதில்லை. ஒரு மணி சுமாருக்கு மூடியைத் தூக்கியபோது எழுந்த வாசனையில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து நின்றது.

சூளைக்காரர்கள் உள்ளே ஒரு சின்னக் கூம்பை நிற்கவைத்திருப்பார்கள். சரியான சூட்டில் அது தலை சாயும். சுவரில் உள்ள துவாரம் வழியாக அதைத்தான் பார்ப்பார்கள்; சரக்கைப் பார்ப்பதில்லை. அடைக்கலத்துக்கு அன்றைய கூம்பு கோவிந்தசாமி. பரிமாறுகிற சாக்கில் சமையலறை வாசல்நிலையில் சாய்ந்து, கதவுக்கும் திரைக்கும் நடுவில் இருந்த இடுக்கு வழியாகப் பார்த்தார்.

கத்தி வைத்ததும் நெஞ்சுப் பக்கத்திலிருந்து சாறு வழிந்தது. வீடியோவில் வழிந்த அளவு இல்லை, ஆனால் வழிந்தது. அருள்ஜோதி ஒரு துண்டு வாயில் போட்டாள். கண்ணை விரித்தாள்.

"ப்பா! பஞ்சு மாதிரி இருக்குதுப்பா. உப்பும் அளவா எறங்கியிருக்குது."

அளவாக இறங்கியிருந்தது. ஒருவேளை நாலு மணி நேரமும் அந்தக் கடல் தண்ணீரில் கிடந்திருந்தால் யாரும் வாயில் வைத்திருக்க முடியாது. நாக்கு செய்த தப்பை மண் செய்த தப்பு பாதியில் வடித்துவிட்டது. இரண்டு தப்பும் அடைக்கலத்துடையவை என்பதால் பெருமையும் அவருக்கே என்று விட்டுவிடலாம்.

"சம்பந்தி, எலும்பத் தொட்டா கறி தானா வருதுங்க" என்றாள் அம்புஜவல்லி. கார்முகில் பேசவே இல்லை, தின்றுகொண்டிருந்தான். அன்னாள்கூட ஒரு இறக்கையைக் கடித்துவிட்டு, "பரவால்ல" என்றாள். திட்டக்குடி அகராதியில் அதற்கு மேல் சொல் கிடையாது.

அடைக்கலம் இதில் எதையும் கேட்கவில்லை. அவர் கூம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோவிந்தசாமி ஒரு தொடையை எடுத்தார். கடித்தார். மென்றார். தலையை ஆட்டினார். "ஆகா" என்றார். பிறகு கை நீண்டு டம்ளரை எடுத்தது. ஒன்று.

ஜக்கு அவர் பக்கமே இருந்தது. இரண்டு. மூன்று. நாலாவது டம்ளரின்போது எழுந்து, "இதோ வரேன்" என்று கொல்லைப்பக்கம் போய்விட்டு வந்தார். துப்பப் போனார் என்று அடைக்கலம் முடிவுகட்டினார். வந்து உட்கார்ந்து இன்னொரு துண்டு, அஞ்சாவது டம்ளர். ஆறு. போன வருடத்தோடு சமம். அடைக்கலம் வாசல்நிலையை இறுகப் பிடித்துக்கொண்டார். கோவிந்தசாமி விரலைச் சூப்பி, ஜக்கைச் சாய்த்துப் பார்த்து, அடியில் இருந்ததை டம்ளரில் ஊற்றினார்.

ஏழு.

கூம்பு சாயவில்லை. ஐஸ், வெல்லம், மிளகு, வாஷ்பேசின், முருங்கை மரம், இத்தனைக்குப் பிறகும் ஏழு. எச்சிலில் முப்பத்தாறு வருடம் சம்பாதித்த பெயர் ஒரு ஜக்குத் தண்ணீரில் போய்விட்டது.

பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது, சம்பந்தி வாயால் வருவதற்குள் நாமே சொல்லிவிடுவது கௌரவம் என்று அடைக்கலம் தொண்டையைச் செருமினார்.

"சம்பந்தி, நீங்க போன வருஷம் சொன்னீங்க இல்லியா. அடுத்த கிறிஸ்துமஸு உங்க வூட்லயே வச்சிக்கலாம்."

அருள்ஜோதி அப்பாவைப் பார்த்தாள்.

"ஏம்ப்பா? இன்னிக்கிதான சூப்பரா வந்துச்சி?"

"இருக்கட்டும்மா. உங்க ஊருன்னா எல்லாரும் ஒண்ணா இருக்கலாம். எங்களுக்கும் ஒரு நாள் லீவு."

கோவிந்தசாமியின் முகத்தில் பட்டென்று ஒரு விளக்கு எரிந்தது. "நெசமாத்தான் சொல்றீங்களா?"

"நெசமா."

"ரொம்ப நல்லதாப் போச்சிங்க சம்பந்தி. ரொம்ப நல்லது!" அவர் அடைக்கலத்தின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இத்தனை வருடத்தில் அந்தக் குரல் முதல் தடவையாகத் தாழ்ந்து வந்தது. "கோழி அருமையா இருந்துச்சி. அதச் சொல்லல. இது வேற."

வேற என்றால் என்ன என்று அடைக்கலத்துக்குத் தெரியும். நாகரிகம். ஜெயித்தவன் தோற்றவனுக்கு வாங்கிக் கொடுக்கிற டீ.

அவர்கள் கிளம்பினார்கள். அடைக்கலம் வாஷ்பேசினைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். மிச்சமிருந்த ஒரு துண்டுக் கறியை எடுத்து, கண்ணை மூடி, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. அவருடைய நாக்கு அப்படித்தான் சொன்னது. ஆனால் அன்றைக்கு அந்த நாக்கை நம்ப அவர் தயாராக இல்லை.

மாசி மாதம், சாம்பல் புதன் கழிந்த வாரத்தில், கோவிந்தசாமியை விருத்தாசலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக மகள் போன் செய்தாள். பொங்கலுக்கு முன்னால் கழனியில் ஏறிய கருவேல முள். எடுத்தும் புண் ஆறவில்லை, கால் வீங்கிவிட்டது. அடைக்கலமும் அன்னாளும் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனார்கள். கோவிந்தசாமி கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தார். நர்சு ஆரஞ்சைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் வேணாங்க. சக்கர நானூத்திப் பன்னெண்டு இருக்குது" என்று சொல்லி, எத்தனை நாளாக அதிகத் தாகம், எத்தனை நாளாக அடிக்கடி ஒண்ணுக்குப் போகிறார் என்று அம்புஜவல்லியிடம் கேட்டாள்.

"அதுங்களா, நாலு வருஷமா" என்றாள் அம்புஜவல்லி. "வூட்ல ஒரு வேளைக்கு ரெண்டு சொம்பு வைக்கணும். வெளிய எங்கியும் சாப்புட வரமாட்டாரு. அடிக்கடி எழுந்து போவணும், சம்பந்தி வூட்ல என்னா நெனப்பாங்கன்னு கூச்சம். அதான் கிறிஸ்துமஸயும் நம்ம வூட்லயே வச்சிக்கலாம், அங்கன்னா கழனிப்பக்கம் போனா யாரும் எண்ணமாட்டாங்கன்னு மூணு வருஷமா சொல்லிக்கிட்டிருந்தாரு."